40ஆர், 40பி, 3ஏ: மாசசூசெட்ஸ் ஊர் எந்த நிலத்துக்கு எந்தச் சட்டத்தை எடுப்பது?

மாசசூசெட்ஸில் ஒரு மனையில் எத்தனை வீடு, எத்தனை மாடி கட்டலாம் என்பதைப் பெரும்பாலும் மாநில அரசு முடிவு செய்வதில்லை. அங்குள்ள 351 ஊர்களும் நகரங்களும் தத்தம் மண்டல விதிகளில் அதை எழுதிக்கொள்கின்றன. பாஸ்டன் புறநகர்களில் பெரும்பாலானவை பல தலைமுறையாக எழுதிவைத்திருப்பது ஒன்றுதான்: ஒரு மனை, ஒரு குடும்பம், ஒரு வீடு. அந்த ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அதே ஊரில் வாடகைக்குக்கூட இடம் கிடைக்காத நிலை அப்படி வந்ததுதான்.

இதை உடைக்க மாநிலம் மூன்று சட்டங்களை வைத்திருக்கிறது; சட்டத் தொகுப்பில் அவற்றுக்குள்ள எண்ணே அவற்றின் பெயர். 1969இல் வந்த 40பி, ஊரின் மண்டல விதியைத் தாண்டிப் போக பில்டருக்கு வழிவிடுகிறது. 2004இன் 40ஆர், ஊரே விதியை மாற்றினால் காசு தருகிறது. 2021இல் சேர்ந்த 3ஏ என்ற பிரிவு, ரயில், பேருந்துச் சேவைக்கு உட்பட்ட 177 ஊர்களை விதி மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது. மூன்றையும் ஓர் ஊர் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். எந்த நிலத்துக்கு எது, எது முதலில் என்பதில்தான் தப்பு நடக்கிறது. பாஸ்டனைச் சுற்றிக் குடியேறிக் குடியுரிமை வாங்கிய தமிழர்களுக்கும் பல ஊர்களின் டவுன் மீட்டிங்கில் (ஊர் விதிகளுக்கு ஓட்டுப்போடும் கூட்டத்தில்) ஓட்டு உண்டு. அங்கே கை தூக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு இது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 40ஆரில் மாநிலம் தரும் காசோலைதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அந்தச் சட்டம் தரும் நன்மைகளில் ஆகச் சிறியதும் அதுதான். காசுக்காக அதை எடுக்கும் ஊர் ஏமாறும். எங்கே, எந்த உருவத்தில், என்ன நிபந்தனையோடு கட்டுவது என்ற பிடியைக் கையில் வைத்துக்கொள்வதற்காக எடுத்தால் பலன் உண்டு.

கணக்குக்காக ஓர் ஊர்

பேச்சு காற்றில் போகாமலிருக்க ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டு முழுக்க ஆள் வசிக்கும் வீடுகள் 10,000. பயணிகள் ரயில் நிற்கும் நிலையம் ஒன்று. ‘கட்டுப்படியாகும் வீடு’களை எண்ணும் மாநிலத்தின் மானிய வீட்டுப் பட்டியலில் ஏறியவை 620, அதாவது 6.2 சதவீதம். நிலையத்துக்கு அருகே மூடிக்கிடக்கும் பழைய ஆலை, 12 ஏக்கர். இப்போதைய விதிப்படி அங்கே ஏக்கருக்கு ஒரு வீடு; ஆக 12 வீடு.

பட்டியலில் 10 சதவீதம் சேராத வரை 40பி பில்டருக்கு அந்த ஊரில் மேல்கை. இந்த ஊருக்கு இன்னும் 380 வீடு குறைகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த எண் எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி.

‘கட்டுப்படியாகும் வீடு’ என்றதும் வறியவர்களுக்கான குடியிருப்பு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சட்டத்தின் வரையறை வட்டார நடுமட்ட வருமானத்தில் 80 சதவீதம் வரை. பாஸ்டன் வட்டாரத்தில் 2024 கணக்குப்படி நான்கு பேர் குடும்பத்துக்கு அந்த உச்சவரம்பு 1,30,250 டாலர். தீயணைப்பு வீரர், பேருந்து ஓட்டுநர், வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன ஆசிரியர் எல்லாம் இதற்குள் அடங்குவார்கள்.

40ஆர்: காசும் பிடியும்

40ஆர் பழைய விதியை அழிப்பதில்லை. அதன்மேல் இன்னொரு விதியைப் போர்த்துகிறது. நில உரிமையாளர் பழையபடியே கட்டலாம். புதிய விதியைத் தேர்ந்தெடுத்தால் அதன் நிபந்தனைகள் அத்தனைக்கும் கட்டுப்பட வேண்டும்.

ஏக்கருக்கு இத்தனை வீடாவது கட்ட விட வேண்டும் என்று சட்டம் அளவு வைத்திருக்கிறது: தனி வீடு என்றால் 8, இரண்டு மூன்று குடும்பம் வாழும் கட்டடம் என்றால் 12, அடுக்குமாடி என்றால் 20. அந்த அனுமதி உரிமையாகக் கிடைக்க வேண்டும். அதாவது விண்ணப்பம் விதிக்குப் பொருந்தினால், அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக மறுக்க முடியாது. 12 வீட்டுக்கு மேற்பட்ட திட்டத்தில் 20 சதவீதமாவது கட்டுப்படியாகும் வீடாக இருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு குறைந்தது 30 ஆண்டுக்குப் பத்திரத்தில் ஏற வேண்டும். இடம் ரயில் நிலையத்துக்கு அருகில், அல்லது ஏற்கெனவே நெருக்கமாகக் கட்டிய கடைத்தெருவில், அல்லது மிகப் பொருத்தமானது என்று மாநில வீட்டுவசதித் துறை ஏற்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

ரீடிங் ஊர் இதை ரயில் நிலையத்தை ஒட்டிய தன் கடைத்தெருவில் போர்த்தியது. லின்ஃபீல்ட், பழைய கோல்ஃப் மைதானத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட் என்ற வணிகத் தெருவோடு 180 அடுக்குமாடி வீடுகளைச் சேர்த்தது. ஹேவரில் நகரம் தன் பழைய ஷூ, தோல் தொழிற்சாலைகளைக் குடியிருப்பாக்கியது. மூன்றும் மூன்று வகை நிலம்.

இப்போது காசு. முதல் தவணை, விதி மாறி மாநிலம் ஒப்புதல் தந்ததும் வருவது. பழைய விதியில் கட்ட முடிந்ததைவிடக் கூடுதலாக எத்தனை வீடு என்பதை வைத்து அது கணக்காகும். 20 வரை என்றால் 10 ஆயிரம் டாலர், 21 முதல் 100 வரை 75 ஆயிரம், 101 முதல் 200 வரை 2 லட்சம், 201 முதல் 500 வரை 3.5 லட்சம், அதற்கு மேல் 6 லட்சம். இரண்டாவது, கட்டட அனுமதி வாங்கும்போது கூடுதல் வீடு ஒவ்வொன்றுக்கும் 3,000 டாலர்.

நம் ஆலை நிலத்தில் ஏக்கருக்கு 25 வீடு என்று எழுதினால் 300 வீடு. பழைய 12ஐக் கழித்தால் 288. முதல் தவணை 3.5 லட்சம், இரண்டாவது 8.64 லட்சம், மொத்தம் 12.14 லட்சம் டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாசசூசெட்ஸில் ஒரு மாணவருக்கு ஆண்டுப் பள்ளிச் செலவு 20,000 டாலரைத் தாண்டும். அந்த 300 வீட்டிலிருந்து 60 பிள்ளைகள் வருவார்கள் என்று வைத்தால், காசோலை முழுதும் ஓராண்டுச் செலவுக்குச் சரி. அடுத்த ஆண்டுக்கு மாநிலம் இன்னொரு காசோலை எழுதாது.

ஊருக்கு ஆண்டுதோறும் வரும் பணம் வேறிடத்திலிருந்து வருகிறது. 1980இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ‘இரண்டரை சதவீத’ விதி, ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்கிறது. புதிதாகக் கட்டிய கட்டடத்தின் வரி மட்டும் அந்த வரம்புக்கு வெளியே சேரும். சேர்ந்தபின் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கான அடித்தளத்திலேயே தங்கிவிடும். வீடு ஒன்றுக்கு 2.5 லட்சம் மதிப்பு, ஆயிரம் டாலருக்கு 12 டாலர் வரி என்று போட்டுப்பாருங்கள். 300 வீட்டின் மதிப்பு 7.5 கோடி, வரி ஆண்டுக்கு 9 லட்சம். இரண்டே ஆண்டில் காசோலையைத் தாண்டிவிடுகிறது. அதோடு, சராசரிச் செலவு வேறு, கூடுதலாக ஒரு பிள்ளை சேர்வதால் வரும் செலவு வேறு. வகுப்பில் இடம் இருக்கும்போது 61ஆவது பிள்ளைக்காக யாரும் புதிய ஆசிரியரை வைப்பதில்லை. இந்த வரி வருமானம் 40ஆருக்கு மட்டும் உரியதல்ல, 40பி கட்டடமும் அதே வரியைத்தான் கட்டும். ஆகவே இதை வைத்து ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று வாதாட முடியாது. வீடு வந்தால் பள்ளி திவாலாகும் என்ற பயத்துக்கு மட்டும் இது பதில்.

பள்ளிச் செலவுக்கென்றே 2005இல் 40எஸ் என்ற துணைச் சட்டம் வந்தது. 40ஆர் பகுதியில் குடிவந்த பிள்ளைகளுக்கான செலவிலிருந்து, அந்தக் கட்டடங்கள் கட்டும் வரியில் பள்ளிக்குப் போகும் பங்கையும், மாநிலத்தின் கூடுதல் பள்ளி உதவியையும் கழித்துவிட்டு, மிச்சம் இருந்தால் தரும். அந்தக் கழித்தலில் பெரும்பாலும் மிச்சம் வருவதில்லை. பெற்ற ஊர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வரவுசெலவுத் திட்டத்தில் 40எஸ் பணம் என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டாம்.

அப்படியானால் 40ஆரின் மதிப்பு எங்கே? மூன்று இடத்தில்.

ஒன்று, வடிவமைப்பு விதிகள். கட்டடம் தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, தரைத்தளத்தில் கடை வேண்டுமா, சுவருக்குச் செங்கல்லா மரமா, கூரைச் சரிவு எப்படி என்பதையெல்லாம் ஊரே எழுதலாம். கட்டவே கட்டுப்படியாகாத அளவுக்குப் போகாத வரை துறை தடுக்காது. 40பியில் இதே விதிகளிலிருந்து விலக்குக் கேட்பதுதான் பில்டரின் முதல் வேலை. ஊர் தனியாக வைத்திருக்கும் சதுப்பு நிலப் பாதுகாப்பு விதிக்கும் 40ஆரில் முழு வலு உண்டு. 40பியில் அதிலிருந்து விலக்குத் தரலாம், மாநிலச் சதுப்பு நிலச் சட்டம் மட்டுமே எஞ்சும்.

இரண்டு, வேகமும் வழக்கும். விண்ணப்பம் வந்த 120 நாளுக்குள் ஊர் முடிவு சொல்ல வேண்டும். வெளியார் யாராவது அந்த ஒப்புதலை எதிர்த்து வழக்குப் போட்டால் பிணைத்தொகை கட்ட வேண்டும். நிலத்தை ஓராண்டு சும்மா வைத்திருக்க ஆகும் செலவின் இரு மடங்கும், எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணமும் அதில் அடங்க வேண்டும். கணிசமாக வெல்லாவிட்டால் அதிலிருந்து நில உரிமையாளரின் நட்டம் ஈடாகும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனுவைப் போட்டு மூன்று ஆண்டு இழுத்தடிக்கும் வழக்கம் இந்த ஒரு பத்தியால் நின்றுபோகிறது. பில்டர்கள் 40ஆரை விரும்புவதற்கு அடர்த்தியைவிட இதுவே பெரிய காரணம் என்பது எங்கள் எண்ணம்.

மூன்றாவது, பட்டியல் கணக்கு. இதை விரித்துச் சொல்ல வேண்டும்.

20 சதவீதமா, 25 சதவீதமா

மானிய வீட்டுப் பட்டியலின் விதி வாடகை வீட்டுக்கு ஒரு மாதிரி, விற்கும் வீட்டுக்கு வேறு மாதிரி. விற்கும் வீடு என்றால் கட்டுப்படியாகும் வீடுகள் மட்டும் பட்டியலில் ஏறும். வாடகைத் திட்டத்தில் 25 சதவீத வீடுகள் நடுமட்ட வருமானத்தில் 80 சதவீதம் வரை ஈட்டுபவர்களுக்கு, அல்லது 20 சதவீத வீடுகள் 50 சதவீதம் வரை ஈட்டுபவர்களுக்கு என்று ஒதுக்கினால், சந்தை வாடகைக்குப் போகும் வீடுகள் உட்பட அத்தனையும் ஏறும்.

நம் ஊரில் 300 வாடகை வீட்டுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமான 20 சதவீதத்தை, 80 சதவீத வருமானத்துக்கு எழுதினால் 60 வீடு ஏறும், பட்டியல் 6.8 சதவீதம் ஆகும். 25 சதவீதம் என்று எழுதினால் 75 வீடு ஒதுக்கீடு, ஏறுவதோ 300, பட்டியல் 9.2 சதவீதம். பில்டர் கூடுதலாகத் தர வேண்டியது 15 வீடு, ஊருக்குக் கிடைப்பது 240. இந்த ஐந்து சதவீதத்தைக் கவனிக்காமல் சட்ட வாசகத்தை அப்படியே பெயர்த்து எழுதிவிட்டுப் பின்னால் வருந்துவது எளிது. வாடகைக்கு 25, விற்பனைக்கு 20 என்று விதியிலேயே பிரித்து எழுதிவிடலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. மாநிலம் ஏற்ற வீட்டு உற்பத்தித் திட்டம் ஊரிடம் இருந்தால், ஓராண்டில் மொத்த வீட்டில் 0.5 சதவீதம் பட்டியலில் ஏறினால் ஓராண்டும், 1 சதவீதம் ஏறினால் ஈராண்டும் 40பி விண்ணப்பங்களை மறுக்கும் உரிமை கிடைக்கும். 10,000 வீட்டுக்கு அது 50, 100. 300 ஏறினால் ஈராண்டு நிம்மதி. ஆனால் ஒப்புதல் தந்து ஓராண்டுக்குள் கட்டட அனுமதி வாங்காவிட்டால் அந்த வீடுகள் பட்டியலிலிருந்து இறங்கிவிடும், பில்டர் பிறகு வாங்கும்போது மறுபடி ஏறும். கடன் வட்டி ஏறிய காலத்தில் திட்டங்கள் நின்றுபோனால் ஊரின் சதவீதமும் சரியும். எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

40பி: சண்டையும் சமாதானமும்

40பியில் பில்டர் ஒரே ஒரு விண்ணப்பத்தை ஊரின் மண்டல மேல்முறையீட்டு வாரியத்திடம் தருகிறார். அதற்கு முன் மாநில வீட்டுவசதி நிதி நிறுவனம் போன்ற ஓர் அமைப்பிடம் தகுதிக் கடிதம் வாங்கியிருக்க வேண்டும். அப்போது ஊருக்குக் கருத்துச் சொல்ல 30 நாள். விண்ணப்பம் வந்த 30 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும், 180 நாளுக்குள் முடிய வேண்டும், அதன்பின் 40 நாளுக்குள் முடிவு. மறுத்தாலோ, தாங்க முடியாத நிபந்தனை போட்டாலோ பில்டர் மாநிலத்தின் வீட்டுவசதி மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போவார். 10 சதவீதம் தொடாத ஊர் அங்கே வெல்வது கடினம். வீட்டுத் தேவையைவிடக் கனமான, அந்த இடத்துக்கே உரிய உடல்நல, பாதுகாப்புக் காரணத்தை ஊர்தான் நிரூபிக்க வேண்டும். போக்குவரத்து நெரிசல் கூடும் என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது.

10 சதவீதம் இல்லாவிட்டாலும் நிலப்பரப்பில் 1.5 சதவீதம் மானிய வீடுகளுக்கு உரியது என்று காட்டித் தப்பலாம் என்கிறது சட்டம். பல ஊர்கள் முயன்று தோற்ற வழி அது. அளவைச் செலவு வீண்.

எந்தப் பாதுகாப்பைக் கோருவதானாலும் விசாரணை தொடங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். உற்பத்தித் திட்டத்தால் கிடைத்த மறுக்கும் உரிமைக்கான சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே இந்த நாளைத் தவறவிட்டால் சான்றிதழ் அந்த விண்ணப்பத்துக்குப் பயன்படாது. வாரியத் தலைவரின் நாட்காட்டியில் முதலில் குறிக்க வேண்டிய தேதி இதுதான்.

2010 நவம்பரில் இந்தச் சட்டத்தை ஒழிக்க மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. ஒழிக்க வேண்டாம் என்ற பக்கமே வென்றது. எனவே 40பி போய்விடும் என்று காத்திருப்பது ஒரு திட்டமாகாது.

சண்டை இல்லாத 40பியும் உண்டு. செலக்ட் போர்டும் (ஊரின் நிர்வாகக் குழு) பில்டரும் முன்கூட்டியே பேசி, வரைபடத்தில் உடன்பட்டு, போர்டின் கையெழுத்தோடு மாநிலத்திடம் போகும் வழி அது. பேச்சுவழக்கில் ‘நட்பு 40பி’. மண்டல விதியை மாற்ற டவுன் மீட்டிங் ஓட்டே தேவையில்லை என்பது இதன் பெரிய வசதி. ஊரே வைத்திருக்கும் சிறு நிலம், தேவாலயம் விற்க வரும் இடம், 20 முதல் 40 வீடு என்கிற அளவுக்கு இதுவே போதும். மண்டல விதி மாற்றம், துறை ஒப்புதல் என்று ஒன்றரை ஆண்டு செலவிடத் தகாத அளவு அது.

40பி காசு தராது. பில்டரின் லாபத்துக்கு வரம்பும் வைத்திருக்கிறது: விற்பனைத் திட்டத்தில் 20 சதவீதம், வாடகையில் முதலீட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம். 40ஆரில் இந்த வரம்பு இல்லை. பேச்சுவார்த்தையில் ஊர் கையில் இருக்கும் துருப்புச் சீட்டு இது.

3ஏ: தண்டனை உண்டு, காசு இல்லை

3ஏ கேட்பது, ஏக்கருக்கு 15 வீடாவது உரிமையாகக் கட்டக்கூடிய ஒரு பகுதி. வயது வரம்பு போடக் கூடாது. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். எவ்வளவு என்பது ஊரின் வகையைப் பொறுத்தது. மெட்ரோ ஓடும் ஊருக்கு மொத்த வீட்டில் 25 சதவீதம், பயணிகள் ரயில் ஊருக்கு 15, பக்கத்து ஊருக்கு 10, பக்கத்துச் சிற்றூருக்கு 5. நம் ஊருக்கு 1,500. ஏக்கருக்கு 15 என்றே எழுதினால் 100 ஏக்கர் வரைய வேண்டும். 30 என்றால் 50.

1,500 வீடு கட்டியாக வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. நிலம் காலியாக இருந்தால் எத்தனை கட்டலாம் என்ற கொள்ளளவுதான் கணக்கு. ஏற்கெனவே அடுக்குமாடி நிற்கும் இடத்தின் மேலேயே கோடு போட்டு, தாளில் மட்டும் கடமையை முடிக்கலாம். சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானதுதான். ஆனால் சட்டத்துக்கு எதிரானது அல்ல.

3ஏ தன்னளவில் கட்டுப்படியாகும் வீடு ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. ஊர் விரும்பினால் 10 சதவீதம் வரை கேட்கலாம். அதற்கு மேல் என்றால் அது பில்டருக்குக் கட்டுப்படியாகும் என்று பொருளாதார ஆய்வு காட்ட வேண்டும், அல்லது 40ஆர் வழியாகத் துறை ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்; புதிய பகுதிக்கு அப்போதும் 20 சதவீதமே உச்சவரம்பு. 3ஏ மட்டும் வைத்து 10 சதவீதம் எழுதிய ஊர், 300 வாடகை வீட்டுக்குப் பட்டியலில் 30தான் பார்க்கும்.

மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மில்டன் போதும். 2023 டிசம்பரில் டவுன் மீட்டிங் ஏற்ற விதியை 2024 பிப்ரவரி வாக்கெடுப்பில் ஊரார் தள்ளினார்கள். கடற்சுவருக்கான மாநில மானியம் கைநழுவியது. அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரியா கேம்பெல் வழக்குத் தொடர்ந்தார். 2025 ஜனவரி 8இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும், அட்டர்னி ஜெனரல் அதை அமல்படுத்தலாம் என்றது. துறையின் வழிகாட்டு நெறிகள் மட்டும் முறைப்படி வெளியிடப்படவில்லை என்று தள்ளியது; அடுத்த வாரமே அவசர விதிகளாக அவை திரும்பி வந்தன. மாஸ்வொர்க்ஸ் போன்ற உள்கட்டமைப்பு நிதிகளும் 3ஏயைப் பின்பற்றாத ஊருக்குக் கிடைக்காது.

இந்தப் பாணி வேறு மாநிலத்திலும் உண்டு. நியூயார்க் 2023இல் ‘வீட்டுக்கு ஆதரவான ஊர்’ என்ற சான்றிதழைத் தொடங்கி, 65 கோடி டாலர் வரையிலான நிதிகளுக்கு அதை நுழைவுச்சீட்டாக்கியது. வீட்டுக்கு இவ்வளவு என்று எண்ணித் தருவதைவிட, ஊர் ஏற்கெனவே நம்பியிருக்கும் நிதிக்கு வாசலில் காவல் போடுவது அரசுக்குச் செலவில்லாத வழி. அதிகம் வேலை செய்வதும் அதுவே.

எது முதலில்

40ஆர் காசு, பழைய விதியைவிடக் கூடுதலாக வரும் வீட்டுக்குத்தான் என்றோம். ஆலை நிலத்தில் முதலில் 3ஏக்காக ஏக்கருக்கு 15 வீடு என்று அடிப்படை விதியையே மாற்றிவிட்டு, பிறகு 40ஆரைப் போர்த்தினால், பழைய விதி 12 வீடு அல்ல, 180. கூடுதல் 300 கழித்தல் 180, அதாவது 120. முதல் தவணை 2 லட்சம், இரண்டாவது 3.6 லட்சம், 12.14 லட்சம் 5.6 லட்சமாகச் சுருங்கிவிட்டது. முதலில் 40ஆரைப் போட்டு, ஒதுக்கீடு 20 சதவீதத்தைத் தாண்டாத வரை அந்தப் பகுதியையே 3ஏ கணக்கிலும் காட்டினால் இரண்டும் நிறைவேறும். ஏக்கருக்கு 20 என்ற 40ஆர் அளவு 3ஏயின் 15ஐத் தாண்டுவதால் அடர்த்தியில் சிக்கல் இல்லை. ஆனால் 3ஏ தெரு, பொது இடம் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தப் பரப்பில் அடர்த்தியை அளக்கிறது, 40ஆர் கட்டத்தக்க நிலத்தில் அளக்கிறது. ஒரே வரைபடத்துக்கு இரண்டு அளவைத் தாள் தயாரிக்க வேண்டும்.

எங்கே முறிகிறது

பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் விதி எழுதுவதற்கு முன் கழிவுநீர்க் கணக்கு. மாநில விதி படுக்கையறைக்கு நாளொன்றுக்கு 110 கேலன் என்று வைக்கிறது. 10,000 கேலனைத் தொட்டால் செப்டிக் டேங்க் போதாது. நிலத்தடி நீர் வெளியேற்ற அனுமதியும் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். 90 படுக்கையறையோடு செப்டிக் முடிந்துவிடுகிறது. 300 வீட்டில் பாதி ஓர் அறை, பாதி இரண்டு அறை என்றால் 450 அறை, 49,500 கேலன். இதைச் சொல்லாமல் ஓட்டு வாங்கிய திட்டம் பில்டரின் பொறியாளர் வந்த முதல் நாளிலேயே நிற்கும்.

சாக்கடையே வராத சிற்றூருக்கு 2022இன் 40ஒய் ஒன்று இருக்கிறது. ஏக்கருக்கு 4 வீடு, 1,850 சதுர அடிக்கு மிகாத சிறு வீடு, பாதி வீட்டில் மூன்று படுக்கையறை. 40ஆர் பொருந்தாத இடத்தில் பார்க்கலாம்.

அடுத்தது கார் நிறுத்தம். ஒரு கார் நிற்க, திரும்ப 330 சதுர அடி ஆகும். ஏக்கருக்கு 25 வீடு, வீட்டுக்கு 2 கார் என்று பழைய வழக்கப்படி எழுதினால் 16,500 சதுர அடி, அதாவது ஏக்கரில் 38 சதவீதம் தாருக்கே போய்விடும். தெரு, மழைநீர்க் குளம், மனை எல்லையில் விட வேண்டிய இடைவெளி எல்லாம் போக 25 வீடு மூன்று மாடிக்குள் அடங்காது. 1.25 கார் என்றால் அது 24 சதவீதமாக இறங்கும். ரயில் நிலையத்தருகே 1.25ஐக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

மிகப் பெரிய ஆபத்து, விற்க மனமில்லாத உரிமையாளரின் நிலத்தில் கோடு போடுவது. முதல் தவணை வாங்கி மூன்று ஆண்டுக்குள் கட்டுமானம் தொடங்காவிட்டால் மாநிலம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் வந்த 3.5 லட்சத்தைச் சாலைக்கோ தீயணைப்பு வண்டிக்கோ செலவழிக்காமல், முதல் கட்டட அனுமதி வரும் வரை தனிக் கணக்கில் வைப்பது நல்லது. உரிமையாளரிடமிருந்து எழுத்தில் ஒரு சம்மதம் இல்லாமல் 40ஆருக்குப் போகவே வேண்டாம் என்போம்.

நம் ஊர் எதை எடுக்கும்

ஆலை நிலத்துக்கு 40ஆர், வாடகைக்கு 25 சதவீதம். ஒதுக்கீடு 20 சதவீதத்தைத் தாண்டுவதால் அந்த நிலம் 3ஏ கணக்கில் சேராது. ஆகவே 3ஏயின் 1,500 கொள்ளளவுக்கு, நிலைய வட்டாரத்தில் ஏற்கெனவே அடுக்குமாடி நிற்கும் தெருக்களையும் கடைத்தெருவையும் சாதாரண 3ஏ பகுதியாக வரையலாம். 10 சதவீத ஒதுக்கீட்டோடு. பட்டியலில் இன்னும் குறையும் 80 வீட்டுக்கு ஊர் வைத்திருக்கும் இரண்டொரு நிலத்தில் நட்பு 40பி.

ஆலை போன்ற பெரிய நிலம் இல்லாத ஊரா? 40ஆருக்காக மூன்று சிறு மனைகளை ஒட்டுப்போட வேண்டாம். 20 வீட்டுக்குக் கிடைக்கும் 10 ஆயிரம் டாலர், விதி எழுத அமர்த்தும் ஆலோசகரின் கட்டணத்துக்கே காணாது. 10 சதவீதத்தைத் தாண்டிய ஊருக்கு 40பி பயம் இல்லை. அங்கே 40ஆரின் வடிவமைப்பு விதிகளுக்காகவும் பிணைத்தொகைக்காகவும் மட்டும் யோசிக்கலாம். அண்டைவீட்டு வழக்குகள் பெருத்த ஊர் என்றால் எங்கள் ஓட்டு தயங்காமல் 40ஆருக்கு.

தேதிகள்

2021 வரை மண்டல விதி மாற்ற டவுன் மீட்டிங்கில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவைப்பட்டது. இப்போது 40ஆருக்கும், தகுதியான இடங்களில் உரிமையான அடுக்குமாடி அனுமதிக்கும் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் 40ஆரில் ஓட்டுக்கு முன்பே துறையின் முன் ஒப்புதல் வேண்டும்; அதற்கு 60 நாள். மே மாதக் கூட்டம் என்றால் டிசம்பரில் ஊர் விசாரணை, ஜனவரியில் விண்ணப்பம், மார்ச்சில் கடிதம் என்று போக வேண்டும். ஓட்டுக்குப்பின் அட்டர்னி ஜெனரலின் பரிசீலனைக்கு 90 நாள், துறையின் இறுதி ஒப்புதல் தனி. துறை பார்த்த வாசகமும் ஊர் ஓட்டுப்போட்ட வாசகமும் ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும். கூட்டத்தில் யாராவது எழுந்து ‘நான்கு மாடியை மூன்றாக்குவோம்’ என்று திருத்தம் கொண்டுவந்து, அவையும் களைப்பில் ஏற்றுக்கொண்டால், விதி மறுபடி துறையின் மேசைக்குப் போகும். அடர்த்தி 20க்குக் கீழே இறங்கியிருந்தால் அங்கேயே நிற்கும். எந்தத் திருத்தம் எழும் என்பது விசாரணையிலேயே தெரிந்துவிடும். அதற்கான மாற்று வாசகத்தை ஜனவரி விண்ணப்பத்தோடு சேர்த்தே துறையிடம் காட்டி, இது ஏற்கத்தக்கதா என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளானிங் போர்டு ஊழியர் அந்தக் கடிதத்தோடு கூட்டத்தின் முதல் வரிசையில் உட்காரட்டும்.